டெங்கில் வானில் ஓர் இரும்புத் தும்பி



டெங்கிலுக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா? வராவிட்டாலும் பரவாயில்லை. வெளிநாடு போய் வந்த உறவினரை அழைத்து வர சிப்பாங் விமான நிலையத்துக்கு ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். அப்படியானால் எங்கள் ஊரை ஒட்டித்தான் போயிருக்கிறீர்கள். ஒரு பக்கம் அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த புத்ராஜெயா. இன்னொரு பக்கம் உலகமெல்லாம் வந்திறங்கும் விமான நிலையம். இரண்டுக்கும் நடுவில், லங்காட் ஆற்றங்கரையில், செம்பனைக் காடுகளையும் பழைய ஈயக் குட்டைகளையும் அணைத்துக்கொண்டு கிடப்பதுதான் டெங்கில்.

இந்த வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில்தான் நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தனித் திறமை உண்டு. வகுப்பில் உட்கார்ந்தபடியே, வெளியே எட்டிப் பார்க்காமல், வானத்தில் போவது பெரிய விமானமா, சின்ன விமானமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் “டப டப டப” என்று அந்த ஒரு சத்தம் கேட்டால் மட்டும் வாய்பாடும் நிற்காது, இலக்கணமும் நிற்காது. அத்தனை தலைகளும் சன்னல் பக்கம் திரும்பிவிடும்.

“சார், ஹெலிகாப்டர்!”

அந்த ஹெலிகாப்டரைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். அதற்கு முன் எங்கள் ஊரைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

வானூர்திக்கு வழிவிட்ட மண்

இன்று புத்ராஜெயா என்று நீங்கள் பார்க்கிற மாளிகை நகரம், முன்பு பிராங் பெசார் என்ற பால்மரத் தோட்டம். மலாயில் அந்தப் பெயருக்குப் ‘பெரும் போர்’ என்று பொருள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர்கள் 1921ஆம் ஆண்டில் திறந்த தோட்டம் என்பதால் அந்தப் பெயர். மரம் வெட்டிய அனுபவமுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் “பி.பி. மரம்” என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். நாடு முழுவதும் பேர்போன அந்த உயர்ரக மரங்களின் பெயரில் உள்ள ‘பி.பி.’ என்பது பிராங் பெசாரைக் குறிப்பதுதான்.

1990களில் அந்தத் தோட்டமும், அதை ஒட்டிய காலவே, செட்ஜிலி, மெடிங்லி தோட்டங்களும் புதிய நகரத்துக்காக வழிவிட்டன. அங்கே பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்கள் பலர் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தார்கள். இந்தப் பக்கம் சிப்பாங்கில் நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தில் விமான நிலையம் எழுந்து, 1998ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. மரத்தைப் பார்த்து வாழ்ந்த சனம் வானத்தைப் பார்க்கும் சனமாக ஆன கதை இதுதான்.

ஊருக்குப் பக்கத்தில் பாயா இண்டா என்ற ஈரநிலப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட குட்டைகள் அங்கே இன்று தாமரையும் நாரையுமாக மாறிக் கிடக்கின்றன. முதலையும் நீர்யானையும்கூடப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் வாருங்கள். கட்டுச்சோறு கொண்டுவர மறக்காதீர்கள்.

அதற்கப்பால் கோல லங்காட் பக்கம் விரிந்து கிடப்பது சதுப்புக் காடு. மக்கிய இலையும் வேரும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உண்டான கரி மண் அது. வறட்சிக் காலத்தில் இந்த மண்ணில் நெருப்புப் பிடித்தால் மேலே சுடர் தெரியாது. உமிக்குள் கங்கு கனல்வதுபோல் அடியிலேயே கனன்றுகொண்டு போகும். நாள் கணக்கில் புகை வரும். 2019ஆம் ஆண்டில் கிள்ளான் அருகே ஜொகான் செத்தியாவில் இப்படித்தான் எரிந்தது. தீயணைப்பு வண்டி போகச் சடக்கு இல்லாத இத்தகைய இடங்களுக்குத்தான் ஹெலிகாப்டர் போகிறது. வயிற்றுக்கடியில் பெரிய வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அருகில் உள்ள குட்டையில் மொண்டு, நெருப்பின்மேல் கொட்டிவிட்டு மறுபடியும் மொள்ளப் போகும். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற நம் தாய்மார்களுக்கு அந்த வேலையின் சிரமத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அது பறக்கும் விதம்

சாதாரண விமானம் மேலே எழும்ப நீண்ட ஓடுபாதை வேண்டும். ஓடினால்தான் அதன் இறக்கையில் காற்றுப் பாயும், பாய்ந்தால்தான் தூக்கும். ஹெலிகாப்டரோ நின்ற இடத்திலேயே இறக்கையைச் சுழற்றிக் காற்றை வருவித்துக்கொள்கிறது. உச்சியில் சுழல்வது விசிறி என்று நாம் சொன்னாலும், அந்த ஒவ்வோர் அலகும் ஓர் இறக்கைதான். மேலே உள்ளது ஒரு திசையில் சுழலும்போது, உடம்பு எதிர்த் திசையில் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி.

இதைப் பலர் கனவு கண்டார்கள். கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி என்பவர் 1939ஆம் ஆண்டில் செய்து பறக்கவிட்ட பொறிதான் இன்றைய ஒற்றை விசிறி ஹெலிகாப்டர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது.

“இயந்திரம் நின்றுவிட்டால் கல்லைப்போல் விழுந்துவிடுமா, சார்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். தென்னங்கீற்றில் செய்த காற்றாடியை மாடியிலிருந்து போட்டுப் பாருங்கள். சுழன்றுகொண்டே மெதுவாக இறங்கும். அதுபோலக் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்ற, அந்த வேகத்தைப் பயன்படுத்தித் தேர்ந்த விமானி ஹெலிகாப்டரைத் தரைக்குக் கொண்டுவர முடியும். ஆனால் கடலுக்கு மேலேயோ காட்டுக்கு மேலேயோ இருந்தால் இறங்க இடம் ஏது? அதனால்தான் இத்தகைய வேலைகளுக்கு இரட்டை இயந்திர ஹெலிகாப்டர்களை விரும்புகிறார்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று கைகொடுக்கும். மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது வீடுவரை இழுத்துப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நூரியும் அதன் தம்பியும்

நம் நாட்டில் ஹெலிகாப்டர் என்றாலே மூத்தவர்களுக்கு நினைவு வருவது ‘நூரி’. நூரி என்றால் கிளி. சிகோர்ஸ்கி நிறுவனம் செய்த இந்த இரட்டை இயந்திரக் கிளி 1968ஆம் ஆண்டில் நம் விமானப் படையில் சேர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. காட்டுக்குள் படைவீரர்களுக்கு அரிசி, பூர்வகுடி மக்களுக்கு மருந்து, சரவாக்கின் உட்பகுதிக்கு ஓட்டுப்பெட்டி, வெள்ளக் காலத்தில் கிழக்குக் கரைக்கு உணவு என்று அது சுமக்காத சுமை இல்லை. அது உயிர்ப்பலியும் வாங்கியிருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் கெந்திங் செம்பா அருகே காட்டில் விழுந்த ஒரு நூரியில் ஆறு பேர் இறந்தார்கள். 2019ஆம் ஆண்டோடு விமானப் படையில் நூரியின் பறப்பு முடிந்தது.

இன்று வானத்தில் அடிக்கடி காணும் இன்னொரு நடுத்தர இரட்டை இயந்திர ஹெலிகாப்டருக்கு ஏ.டபிள்யூ. 139 என்று பெயர். பிறந்த வீடு இத்தாலி. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. விசிறிக்கு ஐந்து அலகுகள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 13.8 மீட்டர். விமானிகளைத் தவிர பதினைந்து பேர்வரை அமரலாம். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். சுமையோடு புறப்படும்போது அதன் மொத்த எடை ஆறரை முதல் ஏழு டன். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் நடுத்தர லாரியை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு பாரம் ஆகாயத்தில் அசையாமல் நிற்கிறது!

2019ஆம் ஆண்டிலேயே ஆயிரமாவது ஏ.டபிள்யூ. 139 செய்து கொடுக்கப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவில் இது நோயாளிகளைத் தூக்கிப் போகும் ஆம்புலன்ஸ். ஜப்பானில் கடலோரக் காவல். அயர்லாந்தில் விமானப் படையின் வேலைக்குதிரை. நம் நாட்டில் தீயணைப்பு மீட்புத் துறை, கடல்சார் அமலாக்க நிறுவனம், கடற்படை ஆகியவற்றில் பணி செய்கிறது. நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்பவர்களைக் கரைக்கும் மேடைக்கும் ஏற்றி இறக்குவதும் இதுதான். ஒரே வண்டியில் இருக்கையைப் போட்டால் பயணிகள். எடுத்துவிட்டுத் தூக்குப்படுக்கை வைத்தால் மருத்துவமனை. பக்கத்தில் கம்பிச் சுருளை மாட்டினால் மீட்பு வண்டி. நம் வீட்டு அண்டாவில் கலியாணத்துக்குச் சோறும் வடிக்கிறோம், மழைக்குத் தண்ணீரும் பிடிக்கிறோம் அல்லவா? அப்படித்தான்.

இதுவும் ஆபத்து இல்லாதது அல்ல. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் லூமுட் கடற்படைத் தளத்தில் ஒத்திகையின்போது இந்த ரக ஹெலிகாப்டர் ஒன்றும் ஃபென்னெக் என்ற சிறிய ஹெலிகாப்டர் ஒன்றும் மோதிக்கொண்டதில் பத்துப் பேரை நாடு பறிகொடுத்தது. அவர்களில் நம் இனத்து இளைஞர் ஒருவரும் இருந்தார் என்பதை அறிந்து தோட்டத்து வீடுகளிலும் கண்ணீர் விட்டார்கள்.

ஒரு டிசம்பர், இரண்டு ஊர்கள்

வாசகர்களே, 2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தை என்னால் மறக்க முடியாது.

அந்த மாதம் 8ஆம் நாள், தமிழ்நாட்டில் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட மி-17 ரக ஹெலிகாப்டர் ஒன்று குன்னூர் அருகே மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. அதுவும் இரட்டை இயந்திரம் கொண்டதுதான். இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் துணைவியாரும் உட்பட பதினான்கு பேர் அதில் இருந்தார்கள். பதின்மூன்று பேர் அன்றே மறைந்தனர். பிழைத்த ஒரே விமானப் படை அதிகாரி வருண் சிங்கும் ஒரு வாரத்தில் கண்மூடினார். வானிலை திடீரென மாறி, மேகத்துக்குள் புகுந்ததே காரணம் என்று விமானப் படை விசாரணை கண்டது.

அங்கே முதலில் ஓடி வந்தவர்கள் யார் தெரியுமா? நஞ்சப்பச் சத்திரம் என்ற சிற்றூர் மக்கள். தேயிலை மலையில் கூலி வேலை செய்து பிழைக்கிற, நம்மைப் போன்ற எளிய சனம். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து நெருப்பில் ஊற்றினார்கள். வீட்டில் போர்த்திக்கொள்ளும் கம்பளிகளை எடுத்து வந்து கொடுத்தார்கள்; அதில்தான் அடிபட்டவர்களைத் தூக்கினார்கள். பின்னர் இந்திய ராணுவம் அந்த ஊருக்கே போய் நன்றி சொல்லி, மாதந்தோறும் மருத்துவரை அனுப்புவதாக அறிவித்தது.

இதைப் படித்து நெஞ்சம் நெகிழ்ந்து பத்து நாள் ஆகவில்லை. எங்கள் வாசலுக்கே சோதனை வந்தது.

டிசம்பர் 18, சனிக்கிழமை. விடாத மழை. சிலாங்கூர் முழுவதும் வெள்ளம். நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. லங்காட் ஆறு பெருகி எங்கள் பகுதியிலும் நுழைந்தது. முதலில் சாக்கடை நிரம்பியது, அப்புறம் வாசற்படி, அப்புறம் கட்டில் கால். எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் ஒரு பாட்டி. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். சனிக்கிழமை போகவேண்டிய முறை தவறிவிட்டது. ஞாயிறு காலையில் கால் வீங்கி, மூச்சு வாங்கியது. போன் செய்தோம், மறுபடியும் செய்தோம். லைன் கிடைத்தபோது, வரிசையில் பலர் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்றார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டப டப டப. நாங்கள் மேல்மாடிக்கு ஓடினோம். பாட்டியின் பேத்தி சிவப்புப் புடவையை விரித்து ஆட்டினாள். பிள்ளைகள் கத்தினார்கள். ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. ஒரு வட்டம் போட்டது. போய்விட்டது.

“நம்மைப் பார்க்கலையா, சார்?” என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. காலம் காலமாக நம்மைப் பார்க்காமல் போனவர்களின் கணக்கில் அதையும் சேர்த்து எழுதிவிட்டேன், மனத்துக்குள்.

பாட்டியைக் கரை சேர்த்தது பக்கத்துக் கம்போங்கைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர். மீன் பிடிக்கும் தம் சிறு படகோடு வந்தார். கதவுப் பலகையில் பாட்டியைப் படுக்கவைத்துப் படகில் ஏற்றினோம். நானும் இரண்டு இளைஞர்களும் மார்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டு பெரிய சடக்குவரை போனோம். அங்கிருந்து ஒரு லாரி. பாட்டி பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் முடியாது என்று மருத்துவர் சொன்னாராம்.

ஏன் இறங்கவில்லை?

சில மாதம் கழித்து, விமானப் படையில் இயந்திரப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர் ஒருவரைப் பிரிக்பீல்ட்ஸில் சந்தித்தேன். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான். தேநீர்க் கடையில் உட்கார்ந்து என் மனக்குறையைக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“வாத்தியாரே, ஏழு டன் இரும்பை மேலே நிறுத்தணும்னா அத்தனை பாரத்துக்கும் ஈடா காற்றைக் கீழே தள்ளணும். உங்க வீட்டுக்கு மேலே தாழ்வா நின்னிருந்தா முதல்ல சிங்குத் தகரம் பறந்திருக்கும். அந்தத் தகரம் மாடியில நின்ன பிள்ளைங்க கழுத்துல பட்டிருந்தா? சுத்தி மின்கம்பி வேற. மாடியில நின்னு எல்லாரும் கை ஆட்டினா, இதுல உயிருக்குப் போராடுறது யாருன்னு மேலே இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

நான் வாயடைத்துப் போனேன். ஹெலிகாப்டர்மேல் எனக்கிருந்த கோபம் அந்தத் தேநீரோடு கரைந்தது. ஆனால் இன்னொரு கேள்வி கரையவில்லை. ஆற்றங்கரையில் குடியிருக்கிற எங்களிடம் ஒரு படகுகூட ஏன் இல்லை?

2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் கினபாலு மலையில் நில நடுக்கம் வந்து பதினெட்டுப் பேர் இறந்ததை அறிவீர்கள். மேகமூட்டத்தால் அன்று ஹெலிகாப்டர் மலைமேல் இறங்க இயலவில்லை. சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கால்நடையாகவே இறக்கிக் கொண்டுவந்தவர்கள் அந்த மலையின் வழிகாட்டிகள். நஞ்சப்பச் சத்திரத்துக் கம்பளி, கினபாலு வழிகாட்டியின் தோள், எங்கள் கம்போங் பெரியவரின் படகு. மூன்றும் சொல்வது ஒன்றுதான். வானத்து உதவி வருவதற்கு முன் பக்கத்து வீட்டு உதவி வந்தாக வேண்டும்.

எங்கள் வரிசையில் வீட்டுக்கு இருபது வெள்ளி போட்டு, குறைந்ததற்குக் கோயில் உண்டியலும் கொஞ்சம் கைகொடுக்க, ஒரு சிறிய பைபர் படகு வாங்கினோம். கோயில் பின்புறத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறோம். டயாலிசிஸ் நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகள், நடமாட முடியாத முதியவர்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றும் எழுதி வைத்திருக்கிறோம். மழை கனத்தால் முதலில் அவர்களைத்தான் மேட்டுக்கு அனுப்புவோம்.

நினைவில் வையுங்கள்

நண்பர் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

அவசர எண் 999. அழைக்கும்போது ஊர், வீதி, எத்தனை பேர், யாருக்கு என்ன நோய் என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 

ஹெலிகாப்டர் வரும்போது எல்லாரும் கை ஆட்டாதீர்கள். ஒருவர் மட்டும் திறந்த இடத்தில் நின்று இரண்டு கைகளையும் மேலே விரித்து உயர்த்துங்கள். ‘உதவி தேவை’ என்பதற்கு அதுவே உலக அடையாளம். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாக நின்றால் ‘தேவையில்லை’ என்று பொருள். 

துணி, தகரம், குடை, பிளாஸ்டிக் நாற்காலி எதையும் சுற்றி இறைத்து வைக்காதீர்கள். பிள்ளைகளை உள்ளே வையுங்கள். 

கம்பி இறங்கினால் அது தரையையோ நீரையோ தொடும்வரை கையால் பிடிக்காதீர்கள். அதில் மின் அதிர்ச்சி இருக்கும். 

தரையில் இறங்கிய ஹெலிகாப்டரை விமானி கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமிருந்துதான், அவர் சைகை காட்டிய பிறகுதான், குனிந்து நெருங்க வேண்டும். வால் பக்கம் போகவே கூடாது. சுழலும் வால் விசிறி கண்ணுக்குத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு சொல்

டெங்கிலில் ஜெண்டராம் ஹூலு போகும் சாலையில் கோலாலம்பூர் பல்கலைக்கழகத்தின் விமானத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. விமானங்களைப் பழுது பார்க்கும் படிப்பு அங்கே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் நம்மில் எத்தனை பேர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய் விசாரித்திருக்கிறோம்? “அதெல்லாம் நமக்கு எதுக்கு” என்று சொல்லிவிட்டு, பிள்ளையை ஐந்தாம் படிவத்தோடு கடையில் வேலைக்கு அனுப்பி விடுகிறோம்.

அன்று மாடியில் என்னிடம் கேள்வி கேட்ட பையன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். சென்ற தவணை விடுமுறையில் அவனையும் அவன் தந்தையையும் அழைத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போனேன். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தார். என்ன பாடம் தேவை, எவ்வளவு செலவு, கல்விக் கடன் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். கணிதமும் அறிவியலும் ஆங்கிலமும் நன்றாக வரவேண்டும் என்றார்கள். பையனுக்குக் கணிதம் சற்று நொண்டுகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் என் வீட்டுக்கு வந்து படிக்கிறான்.

போன வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு, “கணக்கை முடிடா தம்பி” என்றேன். முடித்தான். விடை சரியாக இருந்தது.